எலி இரண்டானால் மைஸ், வீடு இரண்டானால் ஹவுசஸ்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. பர்மாத் தேக்கில் கடைந்த தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஊறுகாய் போட்டு வைத்த பீங்கான் சாடி, கல்லாப்பெட்டி, கணக்குப்பிள்ளை மேசை என்று, பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பொருள்கள் அங்கே வாசல் வரை அடுக்கப்பட்டிருக்கும். மாலை வேளையில் என்னிடம் ஆங்கில இலக்கணம் படிக்க வரும் கல்லூரி மாணவி ஒருவர், அத்தெருவின் கடைப் பலகை ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து காட்டினார். 'ஆன்டிக் ஃபர்னிச்சர்ஸ்' என்று அதில் எழுதியிருந்தது. “சார், இது தப்புன்னு நேத்துச் சொன்னீங்க. கடைக்குள்ள நூறு நாற்காலி கெடக்கு. நூறு இருந்தும் எப்படி சார் ஒருமை?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். 'அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்' என்று சொல்லி முடித்திருக்கலாம். எனக்கு என் ஆசிரியர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஆங்கிலத்தில் விதிவிலக்கு என்று நாம் ஒதுக்கி வைக்கும் சொற்களுள் பெரும்பாலானவை காரணமின்றி முளைத்தவை அல்ல. ஒரு காலத்தில் நடப்பிலிருந்த விதிகள் மறைந்தபின் மிஞ்சியவை. அவ்விதிகளில் சிலவற்றைத் தமிழ் பேசும் நாம் பெயர் தெரியாமலேயே நாள்தோறும் வாயால் நிகழ்த்திக்கொண்டிருக்கிறோம். ஆகவே ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் வைத்துப் பார்த்துக்கொண்டே செல்வோம். ஃபர்னிச்சருக்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

பெயர்ச்சொல்லின் இறுதியில் 'எஸ்' சேர்த்தால் பன்மை, சீறும் ஒலியில் முடிந்தால் 'இஎஸ்', மெய்யெழுத்தை அடுத்து 'ஒய்' வந்தால் அதை 'ஐ' ஆக்கி 'இஎஸ்' என்பதையெல்லாம் பள்ளியிலேயே படித்திருப்போம். சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. பாதம் ஒன்றானால் ஃபுட், இரண்டானால் ஃபீட். பல் ஒன்றானால் டூத், பலவானால் டீத். எலி மவுஸ், எலிகள் மைஸ். இச்சொற்களின் இறுதியில் எதுவும் சேரவில்லை. நடுவிலுள்ள உயிரொலி மாறிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள நம் பேச்சைக் கவனித்தாலே போதும். 'இலை' என்று எழுதுகிறோம். பந்தியில் போடும்போது 'எலை' என்கிறோம். உரல் 'ஒரல்' ஆகிறது, குடை 'கொடை' ஆகிறது, இடம் 'எடம்' ஆகிறது. ஆனால் கிளியை யாரும் 'கெளி' என்பதில்லை; புலியைப் 'பொலி' என்பதில்லை. காரணம் அடுத்த அசையிலுள்ள உயிர். அங்கே அகரமோ ஐகாரமோ இருந்தால் அது முன்னுள்ள இகரத்தையும் உகரத்தையும் தன் பக்கம் சற்று இழுத்துவிடுகிறது. இகரம் இருந்தால் அந்த இழுப்பு நிகழ்வதில்லை. அடுத்து வரப்போகும் ஒலிக்கு நாக்கு முன்கூட்டியே ஆயத்தமாவதால் வரும் மாற்றம் இது.

ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் இத்தகைய இழுப்பு நிகழ்ந்தது. பாதத்தைக் குறித்த சொல்லில் ஓகாரம் இருந்தது. அதன் பன்மையோ 'ஃபோட்டிஸ்' என்பதுபோல, இகரம் கொண்ட விகுதியோடு ஒலித்தது. அந்த இகரம் முன்னுள்ள ஓகாரத்தை ஏகாரமாக்கியது. பிறகு, கொத்து வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல அந்த விகுதி தேய்ந்து மறைந்துபோக, மாறிய உயிர் மட்டும் நின்றுவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ஒருமை 'ஃபோட்', பன்மை 'ஃபேட்'. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கில நெடில்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது 'ஃபேட்' இன்றைய 'ஃபீட்' ஆயிற்று. டீத், கீஸ், மென், மைஸ் ஆகியவை வந்த வழியும் இதுவே. 'புக்' என்ற சொல்கூட இக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அதன் பன்மை 'பேச்' என்று இருந்தது. பிற்காலத்தார் அதைக் கைவிட்டு 'புக்ஸ்' என்று எளிதாக்கிக்கொண்டார்கள். ஃபுட்டுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை.

பெண்ணைக் குறிக்கும் சொல்லில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒருமைக்கும் பன்மைக்கும் எழுத்தில் இரண்டாம் அசைதான் வேறுபடுகிறது. ஒலியிலோ முதல் அசை மாறி, வுமன் என்பது விமன் ஆகிறது. 'வுமன்ஸ்' என்று பன்மை சொல்லும் பழக்கம் மகளிர் கல்லூரிப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்பலகையில் வருவது பன்மை 'எஸ்' அன்று. மேலே ஒரு குறியோடு வரும் உடைமை 'எஸ்'. மகளிருடைய கல்லூரி என்பதே அதன் பொருள்.

அப்படியானால் மவுஸ் மைஸ் ஆனதுபோல ஹவுஸ் ஏன் 'ஹைஸ்' ஆகவில்லை? அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் இகரம் கொண்ட பன்மை விகுதி இருந்ததே இல்லை. ஒரு வீடும் 'ஹூஸ்', பத்து வீடும் 'ஹூஸ்'. ஒருமையும் பன்மையும் ஒரே வடிவில் இருந்த பெயர்களின் கூட்டத்தைச் சேர்ந்தது அது. அக்கூட்டத்தில் பல சொற்கள் பின்னர் 'எஸ்' ஏற்றுக்கொண்டன. ஹவுஸ் ஹவுசஸ் ஆனது அப்படித்தான். ஷீப், டீர் இரண்டும் மசியவில்லை. அதனால்தான் இன்றும் ஆடு ஒன்றானாலும் ஷீப், மந்தையானாலும் ஷீப்.

இதைக் கேட்டு மாணவர்கள் முகம் சுளிப்பது எனக்கு வியப்பாகவே இருக்கும். பவணந்தியார் நன்னூலில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒன்றைச் சொல்கிறார். 'மாடு வந்தது' என்றாலும் மாடு, 'மாடு வந்தன' என்றாலும் மாடு. ஒருமையா பன்மையா என்பதைப் பெயர் காட்டாது, வினைமுற்றே காட்டும். 'தி ஷீப் இஸ் கிரேஸிங்', 'தி ஷீப் ஆர் கிரேஸிங்' என்ற தொடர்களில் நடப்பதும் இதுவே. சந்தையில் 'பத்து மாங்காய் கொடுங்கள்' என்று கேட்கிறோமே தவிர 'பத்து மாங்காய்கள்' என்று கேட்பதில்லை. நமக்கு இயல்பான இந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் ஒருசில சொற்களில் மட்டும் தங்கிவிட்டது. சீரீஸ், ஸ்பீஷீஸ், ஏர்கிராஃப்ட் ஆகியவையும் மாறாதவை. மீனுக்கும் பெரும்பாலும் ஃபிஷ் என்றே வரும். பல இன மீன்களைப் பிரித்துச் சொல்லும்போது மட்டும் ஃபிஷஸ் என்பார்கள்.

'சில்ட்ரன்ஸ்' என்று எழுதும் மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவர் செய்த பிழையை ஆங்கிலேயர்களே ஒருமுறை செய்திருக்கிறார்கள். குழந்தை என்ற சொல்லின் பன்மை முற்காலத்தில் 'சில்டர்' என்பதுபோல், ரகரத்தில் முடிந்து வழங்கியது. நாளடைவில் அந்த ரகரம் பன்மையைக் குறிப்பது மக்களுக்கு உறைக்கவில்லை. ஆகவே ஆக்ஸ் என்பதை ஆக்ஸன் ஆக்கும் 'என்' விகுதியை அதன்மேல் இன்னொருமுறை ஒட்டினார்கள். சில்ட்ரன் என்பது இரட்டைப் பன்மை. தமிழிலும் 'அவர்' என்பது பன்மைச் சொல்லாகவே தொடங்கியது. மரியாதைக்காக ஒருவரையும் அவர் என்று சொல்லத் தொடங்கியபின், பலரைக் குறிக்க 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றோம். அரசர்கள், புலவர்கள் எல்லாம் விகுதிமேல் விகுதி பெற்றவையே. பிறகு அந்த 'அவர்கள்' என்பதையும் அழைப்பிதழில் ஒற்றை மனிதரின் பெயருக்குப் பின்னால் மரியாதைக்குப் போட்டுக்கொண்டோம். இருந்தாலும் தேர்வுத்தாளில் 'சில்ட்ரன்ஸ்' தவறுதான்.

லீஃப் என்பது லீவ்ஸ், நைஃப் என்பது நைவ்ஸ், ஷெல்ஃப் என்பது ஷெல்வ்ஸ் ஆவதற்கும் நம்மிடம் விளக்கம் உண்டு. 'கடல்' என்பதிலுள்ள ககரத்தையும் 'அகம்' என்பதிலுள்ள ககரத்தையும் ஒலித்துப் பாருங்கள். எழுத்து ஒன்றே, ஆயினும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் அகப்பட்ட வல்லினம் மெலிந்து ஒலிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'எஃப்' எழுத்துக்கும் இதே நிலை இருந்தது: சொல்லின் கடைசியில் ஃப, இரண்டு உயிர்களுக்கு நடுவில் வ. பன்மை விகுதி உயிரோடு தொடங்கியதால் நடுவில் அகப்பட்ட ஃப வகரமாயிற்று. பின்னர் எழுத்தும் அந்த ஒலியைப் பின்பற்றியது. சீஃப், சேஃப் போன்றவை பிரெஞ்சிலிருந்து பிறகு வந்து சேர்ந்தவையாதலால் வெறும் 'எஸ்' பெறுகின்றன. கூரையைக் குறிக்கும் ரூஃப் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்தான்; ஆனாலும் இன்றைய வழக்கில் ரூஃப்ஸ் என்றே எழுதுங்கள். நாட்டு ஓடு வேய்ந்த கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் இடம் இது.

இப்போது ஃபர்னிச்சர். நெல், மணல், எண்ணெய் ஆகியவற்றை நாம் எண்ணுவதில்லை, அளக்கிறோம். ஆங்கிலம் இத்தகைய பெயர்களுக்குப் பன்மை தருவதில்லை என்பது எளிதில் விளங்கும். நாற்காலியை எண்ண முடியுமே என்பதுதான் மாணவியின் வாதம். முடியும், நாற்காலிக்கு உரிய சொல் சேர், அதன் பன்மை சேர்ஸ். ஃபர்னிச்சர் என்பது நாற்காலியின் பெயர் அன்று. நாற்காலி, மேசை, கட்டில், பீரோ எல்லாவற்றையும் அள்ளிப் போட்ட குவியலின் பெயர். கல்யாண வீட்டில் சீர் வந்து இறங்கும்போது 'சாமான் எல்லாம் வந்துவிட்டதா?' என்று கேட்போம். வந்திறங்கியவை தவலை, குடம், அண்டா, தூக்கு என்று நூறு உருப்படியாக இருந்தாலும் 'வந்துவிட்டதா' என்று ஒருமையில்தான் கேள்வி வரும். ஃபர்னிச்சர் அந்தச் 'சாமான்' போன்றது. நூறு உருப்படி என்று சொல்லியே ஆகவேண்டுமானால் 'எ ஹண்ட்ரட் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்று சொல்ல வேண்டும். பன்மை பீசஸ் என்பதில் ஏறுகிறது.

லக்கேஜ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஹோம்வர்க் ஆகியவை எல்லாம் இவ்வகையே. அறிவுரை பத்துச் சொன்னாலும் அட்வைஸ்தான். நியூஸ் என்பதன் இறுதியில் 'எஸ்' இருந்தும் அது ஒருமை. 'தி நியூஸ் இஸ் குட்' என்றே வரும். கத்தரிக்கோலைக் குறிக்கும் சிஸர்ஸ் கையில் ஒன்றே இருந்தாலும் பன்மை. ட்ரவுசர்ஸ், ஸ்பெக்டக்கிள்ஸ் ஆகியவையும் அப்படியே. இரண்டு கால், இரண்டு கண்ணாடி என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

மாமியாரைக் குறிக்கும் மதர்-இன்-லா என்ற தொடரில் 'எஸ்' கடைசியில் ஒட்டாது. மதர்ஸ்-இன்-லா என்று தலைச்சொல்லில் ஒட்டும். ஒரே வீட்டுக்குள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு இணைக்கும், தனி அடுப்பு வைத்து வாழ்ந்த பெரிய குடும்பங்களில் இந்தப் பன்மைக்கு நிறையத் தேவை இருந்திருக்கும். கிரேக்க, லத்தீன் வரவுகளில் அன்றாடம் தேவைப்படுபவை சிலவே: கிரைசிஸ் பன்மையில் கிரைசீஸ், கிரைட்டீரியன் பன்மையில் கிரைட்டீரியா, அலும்னஸ் பன்மையில் அலும்னி. 'ஐ ஆம் ஆன் அலும்னி' என்று ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டால், 'நான் பழைய மாணவர்கள்' என்று சொல்லியதாக ஆகும். டேட்டா மட்டும் பன்மையாய்ப் பிறந்து, இன்று ஒருமையாகவும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

வினைச்சொற்களுக்கு வருவோம். வகுப்பறையில் வி ஒன், வி டூ, வி த்ரீ என்று பட்டியல் போட்டு ஒப்பிக்க வைக்கும் பகுதி இது. இறந்தகாலத்துக்கு 'இடி' விகுதி சேர்க்காமல் வேறு வடிவம் எடுக்கும் ஒழுங்கற்ற வினைகள் ஏறக்குறைய 200 இருக்கும். ஆங்கிலத்தின் மொத்த வினைகளோடு ஒப்பிட்டால் இது கைப்பிடி அளவுதான். ஆனால் கோ, கம், ஈட், கிவ், டேக், சீ, சே என்று நாள் முழுவதும் வாயில் புழங்குபவை எல்லாம் இந்தக் கைப்பிடிக்குள்தான் இருக்கின்றன. அடிக்கடி புழங்குவதால்தான் அவை பழைய வடிவை இழக்கவில்லை. அரிதாகப் புழங்கும் வினையின் பழைய வடிவம் மறந்துபோனால், மக்கள் 'இடி' சேர்த்துச் சமாளித்துக்கொள்வார்கள். தினமும் சொல்வதை மறக்க வழியில்லை. தமிழிலும் வா என்பது வந்தான், நில் என்பது நின்றான், கேள் என்பது கேட்டான், காண் என்பது கண்டான் ஆவதைப் பாருங்கள். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் இவற்றைப் பட்டியல் போட்டுத்தான் மனப்பாடம் செய்கிறார்.

பட்டியலை ஒப்பித்தவர்களும் செய்யும் பிழை 'டிட் யூ வென்ட்?', 'ஐ டிட் நாட் வென்ட்' என்பவை. இதைத் திருத்த எனக்குக் கைகொடுத்த தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. 'போனான்' என்பதை எதிர்மறையாக்குங்கள் என்றால் எந்தக் குழந்தையும் 'போகவில்லை' என்று சொல்லும்; 'போனவில்லை' என்று சொல்லாது. 'போக' என்பதில் காலம் காட்டும் உறுப்பே இல்லை. துணைவினை ஏறியதும் முதல் வினை காலத்தை இறக்கி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை டிட் தூக்கிக்கொள்கிறது. ஆகவே வென்ட் தன் அடிப்படை வடிவமான கோ என்பதற்குத் திரும்பிவிட வேண்டும். 'போனவில்லை' என்பது காதில் எப்படி உறுத்துகிறதோ, 'டிட் நாட் வென்ட்' என்பது ஆங்கிலேயர் காதில் அப்படி உறுத்தும். இதைச் சொன்ன நாளிலிருந்து என் வகுப்பில் அந்தப் பிழை பெரிதும் குறைந்துவிட்டது.

ஆங்கிலேயர்களே தடுமாறும் இணை லை, லே என்பதாகும். எங்கள் வீட்டுப் பட்டாலை என்னும் கூடத்தில் சில தளக்கற்கள் பெயர்ந்து, ஆத்தங்குடியிலிருந்து புதுக்கல் வரவழைத்துப் பதித்தபோது, மாணவர்களுக்கு இதை அங்கேயே காட்ட வாய்ப்புக் கிடைத்தது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடும். கொத்தனார் அந்தக் கல்லைக் கையிலெடுத்துக் கலவைமேல் கிடத்துகிறார். கல் அங்கே கிடக்கிறது. கிடத்துவது லே, கிடப்பது லை.

தமிழ் இலக்கணத்தின் பிறவினை, தன்வினை என்ற பாகுபாட்டுக்கு நெருக்கமானது இது. லே என்ற வினை லை என்பதிலிருந்து, 'கிட' என்பதிலிருந்து 'கிடத்து' பிறந்ததுபோலவே, மிகப் பழங்காலத்தில் பிறந்தது. எதை என்ற கேள்விக்கு விடை இருந்தால் லே, இல்லையென்றால் லை. கொத்தனார் எதைக் கிடத்தினார்? கல்லை. 'தி மேஸன் லேய்ட் தி டைல்'. கல் எதைக் கிடந்தது என்று கேட்கவே முடியாது. இவ்வளவில் நின்றிருந்தால் குழப்பமே இருந்திருக்காது. லை என்பதன் இறந்தகாலம் லே என்றே வருவதுதான் வில்லங்கம். நேற்று வெயிலில் கல் கிடந்தது என்பதற்கு 'தி டைல் லே இன் தி ஸன் யெஸ்டர்டே' என்று சொல்ல வேண்டும். இங்குள்ள லே கிடத்துவது அன்று, கிடந்தது. ஆகவே லை, லே, லேய்ன் என்று ஒரு வரிசையையும், லே, லேய்ட், லேய்ட் என்று மற்றொரு வரிசையையும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்வதற்கும் ஒரு லை உண்டு. அது சாதுவானது, 'இடி' சேர்த்து லைட் என்று முடிந்துவிடும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு சில இணைகளும் தாமாகவே விளங்கும். விலை ஏறியது என்றால் ரோஸ், கடைக்காரர் விலையை ஏற்றினார் என்றால் ரெய்ஸ்ட். மரம் விழுந்தால் ஃபெல். மரத்தை ஒருவர் வெட்டி வீழ்த்தினால் ஃபெல்ட். தானே உட்கார்வது ஸிட், ஒன்றை ஓரிடத்தில் அமர்த்துவது ஸெட்.

கடன் விஷயத்தில் செட்டிநாட்டு மாணவர்கள் தவறவே கூடாது. பேரேடும் ஐந்தொகையும் பழகிய மண் இது. ஆயினும் 'கேன் யூ பாரோ மி எ பென்?' என்ற கேள்வி என் முகப்பில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறது. தமிழில் கடன் என்ற ஒரே பெயரோடு வாங்கு, கொடு என்று வெவ்வேறு வினையைச் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் வாங்குவதற்குப் பாரோ, கொடுப்பதற்கு லென்ட் என்று சொல்லே வேறு. நகரத்தார் தங்கள் சொந்த முதலோடு வங்கிகளிலும் கடன் பெற்று, பர்மாவின் ஐராவதி ஆற்றுப்படுகை நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினால், வங்கி இருக்கும் பக்கம் பாரோட், விவசாயி இருக்கும் பக்கம் லென்ட் என்ற சொற்கள் வரும். பணம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் போதும். பிரிங், டேக் இரண்டுக்கும் திசைதான் கணக்கு. கொண்டு வா, கொண்டு போ என்று நினைத்தால் முடிந்தது.

கடைசியாக ஹேங் என்ற வினை. இதற்கு இறந்தகாலம் இரண்டு. சரவிளக்கை உத்தரத்தில் தொங்கவிட்டால் ஹங். மனிதரைத் தூக்கிலிட்டால் ஹேங்க்ட். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று இங்கே பக்கத்திலுள்ள திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதை மாணவர் ஒருவர் 'வேர் ஹங்' என்று எழுதியிருந்தார். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் அவர்களுடைய படம் மாட்டியிருக்கிறது. படத்துக்கு ஹங், அவர்களுக்கு ஹேங்க்ட் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.